எதிர்த்து நிற்கும் ஆளே உரைகல்: தற்காப்புக் கலை கலையா, அறிவியலா?

ஒரு கம்பை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு தடித்த தூண் ஒன்றில் ஓங்கி அடித்துப் பாருங்கள். கம்பின் மறுமுனை தூணில் பட்டால் உள்ளங்கை விண்ணென்று தெறிக்கும். நடுப்பகுதி பட்டாலும் தெறிக்கும். பிடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஓர் இடம் இருக்கிறது. அங்கே பட்டால் கைக்கு அதிர்ச்சி அநேகமாக வராது, அடி அப்படியே தூணுக்குள் போய்விடும். சீரான தடிமனுள்ள 150 செ.மீ. கம்பு என்றால் பிடியிலிருந்து சுமார் 100 செ.மீ. அடிப்பக்கம் பெருத்து நுனி மெலிந்த கம்பில் இந்த இடம் சற்று நகரும். சிலம்பம் ஆடுகிறவர்களுக்கு இது கையிலேயே தெரிகிறது. எந்த இடத்தால் அடித்தால் கம்பு கைவிட்டுப் போகாது என்பதை அவர்கள் அளந்து பார்த்துக் கற்பதில்லை. இயற்பியல் படித்தவரோ கம்பைத் தொடாமலே அந்த இடத்தைத் தாளில் குறித்துக் கொடுத்துவிடுவார்.

கணக்குப் போடத் தெரிந்ததால் கம்பு வீச வந்துவிடாது. வீசத் தெரிந்தவருக்கு அதன் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தற்காப்புக் கலை கலையா, அறிவியலா என்ற கேள்வி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. ஆனால் விவாதம் பெரும்பாலும் தடம் மாறிப் போகிறது. 'இது கலை, இதை அளக்க முடியாது' என்பவர் பல சமயம் சோதனையிலிருந்து தப்பிக்கவே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். 'இது முழுக்க அறிவியல்' என்பவர் விசை, நிறை, முடுக்கம் என்று இரண்டு சமன்பாடு சொன்னால் போதும் என்று நினைக்கிறார். எங்கள் கணிப்பில், ஒரு பயிற்சிமுறைக்கு அறிவியல் தன்மை வருவதற்குக் காரணம் ஒன்றே: தோற்பதற்கு உண்மையான வாய்ப்புள்ள சோதனைக்கு அது தன்னை உட்படுத்துகிறதா என்பது. அந்தச் சோதனைக் கருவி எதிரே நிற்கும், ஒத்துழைக்க மறுக்கும் இன்னொரு மனிதர்.

பெயரில் உள்ள 'கலை'

பெயரை வைத்து முடிவு கட்ட முடியாது. தமிழில் கற்றுத் தேரும் எதுவும் கலைதான். ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணும்போது இசையோடும் நடனத்தோடும் மல்யுத்தம், வில்வித்தை ஆகியவையும் வருகின்றன. இலக்கணமும் மருத்துவமும்கூட வருகின்றன. 'வித்தை' என்ற சொல்லுக்கோ வேரே அறிதல். சீனர்கள் சொல்லும் 'வூஷு'வில் உள்ள 'ஷு' செய்முறையைக் குறிக்கிறது. ஜப்பானிய 'ஜுட்சு'வும் அதே எழுத்துதான். 'குங்ஃபூ' என்பது நாள்பட்ட உழைப்பால் வந்த தேர்ச்சி. சமையலில் தேர்ந்தவருக்கும் அது பொருந்தும்.

தன்னை அறிவியல் என்று வெளிப்படையாக அழைத்துக்கொண்ட மரபும் உண்டு. மிலானில் பிறந்த கட்டடக் கலைஞரும் பொறியாளருமான கமில்லோ அக்ரிப்பா 1553-இல் வெளியிட்ட வாள்வீச்சு நூலின் தலைப்பிலேயே 'ஆயுத அறிவியல்' என்ற பொருள்படும் சொற்கள் இருக்கின்றன. அதுவரை கவர்ச்சியான பெயர்களோடு பெருகிக் கிடந்த நிலைகளை அவர் நான்காகக் குறைத்து, முதலாவது, இரண்டாவது என்று எண்ணிட்டார். கையையும் உடம்பையும் ஒரே கோட்டில் நீட்டினால் வாள்முனை எவ்வளவு தூரம் எட்டும் என்பதை வடிவியல் படங்களால் காட்டினார். அந்த எண்பெயர்களின் சாயல் இன்றைய வாள்வீச்சு விளையாட்டிலும் இருக்கிறது. வாள் எங்கே எட்டும் என்பதை வடிவியல் சொல்லிவிடும். எதிராளி எப்போது வருவார் என்பதைச் சொல்லாது. அந்தக் கேள்விக்கு நேரத்தைப் பார்க்க வேண்டும்.

நொடியின் எட்டில் ஒரு பங்கு

ஒலிம்பிக் தரக் குத்துச்சண்டை வீரர்களை வைத்து, கருவி பொருத்திய பொம்மைத் தலையில் குத்தச் சொல்லி அளந்திருக்கிறார்கள். கையின் வேகம் சராசரியாக நொடிக்கு 9 மீட்டர், விசை சுமார் 3,400 நியூட்டன், குத்துக்குப் பின்னால் உண்மையில் வேலை செய்யும் நிறை சுமார் 3 கிலோ. இந்தக் கடைசி எண்ணில்தான் பாடம் இருக்கிறது. 60 கிலோ ஆளாக இருந்தாலும் 90 கிலோ ஆளாக இருந்தாலும் குத்தில் அவருடைய முழு எடையும் இறங்குவதில்லை. படுகிற கணத்தில் மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றும் ஒரே தண்டுபோல் இறுகினால்தான் உடம்பின் நிறையில் ஒரு பங்காவது கைக்கு வந்து சேரும். மணிக்கட்டு மடங்கினாலோ முழங்கை வெளியே விரிந்தாலோ அந்த நிறை குறைந்துவிடும். மணிக்கட்டு சுளுக்குவது கூடுதல் நட்டம். மோதிர விரல், சுண்டு விரல் முட்டிகளால் குத்தும் பழக்கம் இருந்தால் சுண்டு விரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் எலும்பு முறியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் முன்னங்கையின் கோட்டிலேயே இருப்பதால் அவற்றால் குத்தச் சொல்கிறார்கள்.

நேர்க்குத்தில் கை ஏறத்தாழ முக்கால் பங்கு நீளும்போது அதிவேகத்தை அடைகிறது என்பது அதிவேகப் படப்பிடிப்பில் தெரிந்த விஷயம். அதன்பின் வேகம் விழுந்து, கை முழுதாக நீண்டதும் பூஜ்யம் ஆகிறது. கை 60 செ.மீ. பயணிக்கக்கூடும் என்றால் 45 செ.மீ.-இல் குத்து பட வேண்டும். 'இலக்கின் மேல் குத்தாதே, இலக்குக்குள் ஒரு சாண் தள்ளிக் குத்து' என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் பொருள் இதுதான். குத்துப்பையிலிருந்து தள்ளி நின்று, கை நீண்டு முடியும் இடத்தில் தொடுகிறவர்களின் குத்தில் சத்தம் வரும், பை நகராது.

இப்போது தடுப்பவரின் பக்கம் வருவோம். பூஜ்யத்தில் தொடங்கி 9 மீட்டர் வேகம் வரை ஏறும் கை, 60 செ.மீ. தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.12 முதல் 0.15 நொடி எடுக்கும். கண்ணால் கண்ட ஒன்றுக்குக் கை அசையத் தொடங்கவே மனிதருக்குச் சுமார் 0.2 நொடி ஆகும். அதுவும் என்ன வரப்போகிறது, என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால். பல வாய்ப்புகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நேரம் இன்னும் கூடும். வாய்ப்புகள் பெருகப் பெருக இந்தத் தாமதம் எப்படி ஏறுகிறது என்பதை 1952-இல் ஹிக் என்ற உளவியலாளர் சூத்திரமாகவே எழுதினார்.

கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு குத்தைப் பார்த்துத் தடுப்பது உடலியல்படி நடக்காத காரியம் என்பதே இந்தக் கணக்கின் முடிவு. நல்ல வீரர்கள் தடுக்கிறார்களே என்றால், அவர்கள் குத்தைப் பார்ப்பதில்லை. குத்துக்கு முந்தியதைப் பார்க்கிறார்கள். தோள் லேசாக இறங்குவது, பின்காலின் குதிகால் எழுவது, மூச்சு நிற்பது, இடுப்பு திரும்பத் தொடங்குவது. தேர்ந்தவர்களின் கண் எதிராளியின் முகத்துக்கும் மார்புக்கும் இடையிலேயே நிலைகொள்கிறது. கைகால்களை ஓரப்பார்வை கவனித்துக்கொள்கிறது. புதியவர்களின் கண் கைகளின் பின்னால் ஓடும்.

இதிலிருந்து மூன்று நடைமுறைப் பாடங்கள் கிடைக்கின்றன. எதிராளி ஒரு காலடி எடுத்து வைத்தால்தான் தொட முடியும் என்ற தூரத்தில் நில்லுங்கள். அந்தக் காலடிக்கு ஆகும் நேரம் உங்களுக்குக் கிடைத்த நேரம். ஒரே குத்துக்குப் பத்து வகைத் தடுப்பு சொல்லித்தரும் வகுப்பு மாணவரின் தாமதத்தைக் கூட்டுகிறது. இரண்டு தடுப்பு போதும். மூன்றாவது பாய்ச்சல் காட்டி ஏமாற்றுவது பற்றியது, இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பொய்க்குத்தை மின்னல்போலக் காட்டினால் அது பலிக்காது. எதிராளியின் மூளை அதைப் பார்த்து, நம்பி, அசையத் தொடங்க 0.2 நொடி வேண்டும். அதற்குள் பொய்யும் முடிந்து உண்மைக் குத்தும் வந்துவிட்டால், அவர் ஏமாறுவதற்கே நேரம் கொடுக்கவில்லை என்று பொருள். எதிரே நிற்பவர் பதற்றக்காரரா, நிதானக்காரரா என்பதைப் பொறுத்து அந்தப் பொய்யை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டும். எண் அறிவியலிலிருந்து வருகிறது. எதிரே நிற்பவருக்கு ஏற்ற அளவு பழகிய கண்ணிலிருந்து வருகிறது.

ஓர் எறிதலைக் கிட்டே நின்று பார்த்தால்

ஜூடோவில் 'ஓ-சோட்டோ-காரி' என்ற எறிதல் உண்டு. வெளிப்பக்கமாகப் போய் எதிராளியின் காலை அரிவாளால் அறுப்பதுபோல் பின்னிருந்து வாருவது. வலக்கைப் பழக்கமுள்ளவர் செய்யும் விதம் இது. இடது கை எதிராளியின் வலது முழங்கை அருகே சட்டைத் துணியைப் பிடிக்கிறது. வலது கை அவருடைய சட்டையின் மார்போரத்தைக் காறையெலும்பு உயரத்தில் பிடிக்கிறது. இடது பாதத்தை அவருடைய வலது பாதத்துக்கு வெளியே சுமார் ஒரு சாண் தள்ளி, அவர் பாதத்துக்கு இணையாகவோ சற்றுத் தாண்டியோ ஊன்ற வேண்டும். அதே கணத்தில் இடது கை அவர் முழங்கையை உங்கள் இடுப்பை நோக்கி இழுக்க, வலது கை அவரை வலப்பின் மூலைக்குத் தள்ள, மார்போடு மார்பு ஒட்ட வேண்டும். அவர் எடை முழுதும் வலது குதிகாலில் போய் நின்றதும், உங்கள் வலது காலை அவர் காலைத் தாண்டி வீசி, பின்னோக்கி வாருங்கள். உங்கள் தலை முன்னே தாழ, கால் பின்னே உயர வேண்டும்.

இதில் இயற்பியல் எளிது. நிற்கும் ஆளின் ஈர்ப்பு மையம் கால்கள் அடைத்த பரப்புக்கு மேல் இருக்கும் வரை அவர் விழமாட்டார். இரண்டு பாதங்களையும் ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டின் திசையில் தள்ளுவது வீண். அதற்குச் செங்குத்தான திசையில் அவருக்கு ஆதரவே கிடையாது. ஒரே குதிகாலில் எடையைக் குவித்துவிட்டால் தாங்கும் பரப்பு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பிறகு மேலுடம்பு பின்னோக்கியும் கால் முன்னோக்கியும் போகும்போது இரண்டு விசையும் சேர்ந்து அவரைச் சுழற்றிவிடுகின்றன. பெரிய பலம் தேவையில்லை.

தவறுகளும் இதே கணக்கில்தான் விளைகின்றன. இடது காலடி குட்டையாக விழுந்தால் உங்கள் ஈர்ப்பு மையம் உங்கள் பாதத்துக்குப் பின்னால் தங்கிவிடும். எதிராளி அதே எறிதலை உங்கள்மேலேயே போட்டுவிடுவார். நிலைகுலைப்பதற்கு முன்பே காலை வாரினால், எடை தாங்கி நிற்கும் மரத்தை உதைத்த மாதிரி இருக்கும். மார்புக்கும் மார்புக்கும் இடையே இடைவெளி விட்டால் கையின் இழுப்பு அவர் சட்டைக்குப் போகும், உடம்புக்குப் போகாது.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஜூடோவில் பதிவான கடுமையான தலைக்காயங்களில் இந்த எறிதல் அடிக்கடி வருகிறது, அடிபட்டவர்களில் புதியவர்கள் அதிகம். நேர் பின்னால் விழும்போது தலை சடாரென்று சுழல்கிறது. பின்மண்டை தரையில் மோதாவிட்டாலும் அந்தச் சுழற்சியில் மூளையின் மேற்பரப்பிலிருந்து வெளி உறைக்குச் செல்லும் நுண் சிரைகள் கிழியக்கூடும். முகவாயை மார்போடு ஒட்டி, தொப்புளைப் பார்த்தபடி விழும் பயிற்சி பழகிப் பிசகாமல் வரும்வரை புதியவர்மீது இந்த எறிதலைப் போடக் கூடாது. எறிகிறவரும் சட்டைக் கையைக் கடைசிவரை விடாமல் மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்து மனப்பாடம் செய்தவரால் எதிர்க்கும் ஆளை வீழ்த்த முடியுமா என்றால், முடியாது. எதிராளி குதிகாலில் எடை வைப்பது கால் நொடிகூட நீடிக்காது. அந்தக் கணம் தானாக வராது, வரவழைக்க வேண்டும். முன்னால் இழுத்தால் மனிதர் தன்னையறியாமல் பின்னால் சாய்வார். அந்தச் சாய்வு தொடங்கும்போதே உள்ளே நுழைய வேண்டும். அது தொடங்குவதைக் கண் சொல்லாது, சட்டையைப் பிடித்த விரல்கள் சொல்லும். எத்தனை கிராம் இழுவிசை மாறியது என்று யாரும் எண்ணுவதில்லை. கைப்பக்குவம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இரு முறை ஒரே அடி விழாது

கைப்பக்குவத்துக்கும் ஓர் அறிவியல் விளக்கம் இருக்கிறது. 1920-களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியலாளர் உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களை அடுத்தடுத்த படங்களாகப் பதிவுசெய்து ஆராய்ந்தார். சுத்தியல் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை சென்ற வழி ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. தோளில் நேர்ந்த சிறு பிசகை முழங்கை சரிக்கட்டியது. முழங்கையின் பிசகை மணிக்கட்டு சரிக்கட்டியது. தேர்ச்சி என்பது ஓர் அசைவைப் பிரதி எடுப்பதன்று, பிசகுகளைப் போகிற போக்கில் சரிசெய்து இலக்கைத் தொடுவது என்பதை அந்தப் படங்கள் காட்டின.

கண்ணாடி முன் நின்று ஆயிரம் முறை ஒரே குத்தைக் குத்துவதால் மட்டும் ஏன் சண்டை வராது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியாது. கண்ணாடி எந்தப் பிசகையும் கொடுப்பதில்லை, அதனால் சரிசெய்யும் திறனும் வளர்வதில்லை. 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனை இன்னொன்றையும் காட்டியது. ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து பழகியவர்கள் அன்றைக்கு வேகமாக முன்னேறினார்கள். பல அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் அன்றைக்குத் தடுமாறினார்கள். பிறகு சோதித்தபோது கலந்து பழகியவர்களிடம்தான் அதிகம் தங்கியிருந்தது. வகுப்பில் அழகாகத் தெரிவதும் உடம்பில் தங்குவதும் வேறு வேறு.

கானோ செய்த மாற்றம்

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய்கள் விரித்த கூடத்தில் ஒன்பது மாணவர்களோடு கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அவர் கற்ற பழைய ஜூஜுட்சு மரபுகளில் கண்ணைக் குத்துவது, விரலை முறிப்பது, மூட்டுகளைத் திருகுவது எல்லாம் இருந்தன. அவற்றைக் கூட்டாளிமேல் முழு வேகத்தில் செய்ய முடியாது. பாதியில் நிறுத்தித்தான் பழக வேண்டும். பாதியில் நிறுத்துவதால் உண்மையில் பலிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. கானோ ஆபத்தானவற்றைத் 'கதா' என்ற ஒழுங்கு வடிவங்களுக்கு அனுப்பிவிட்டு, விழும் முறையைக் கற்றால் பாதுகாப்பாகச் செய்யக்கூடிய எறிதல்களையும் பிடிகளையும் 'ரந்தோரி' என்ற முழு எதிர்ப்புப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்.

ஆபத்தை நீக்கியதால் கலை வலுவிழந்தது என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். எங்கள் கருத்து நேர் எதிர். முழு பலத்தோடு தினம் இருபது முறை செய்து, அதில் பதினெட்டு முறை தோற்று, ஏன் தோற்றோம் என்று பார்க்கக்கூடிய ஓர் எறிதல், ஒருமுறைகூட முழுதாகச் செய்து பார்க்காத கொலை அடியைவிட நம்பகமானது. ஒவ்வொரு ரந்தோரியும் ஒரு சிறு சோதனை. கருதுகோள் எறிகிறவருடையது, மறுப்பு எதிராளியுடையது.

1993 நவம்பர் 12-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியைப் பலர் இந்த விவாதத்துக்குள் இழுப்பார்கள். எட்டுப் பேர், வெவ்வேறு மரபினர், எடைப்பிரிவு இல்லை. சுமார் 80 கிலோ எடையுள்ள பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைத் தரைப்பிடிகளால் வென்றார்; மூன்று சண்டைக்கும் சேர்த்து 5 நிமிடம்கூட ஆகவில்லை. சோதனை என்று பார்த்தால் இது மிகவும் பலவீனமானது: ஆட்கள் குறைவு, திறமை சமமில்லை. என்றாலும் 'நன்றாக அடிக்கத் தெரிந்தவரைத் தரைக்குக் கொண்டுபோகவே முடியாது' என்ற ஒரு பொதுக் கூற்றை உடைக்க ஓரிரு எதிர்ச்சான்றே போதும். சில ஆண்டுகளில் அடிப்பவர்கள் தரையில் விழாமல் தப்பவும், விழுந்தால் எழவும் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சாதகம் சுருங்கியது. ஒரு துறை தன்னைத் திருத்திக்கொள்வது இப்படித்தான் இருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. எந்த விதிக்குள் சோதிக்கிறோமோ அந்த விதிக்குள் மட்டுமே விடை உண்மை. டேக்வாண்டோ போட்டியில் முகத்தில் கையால் குத்தக் கூடாது. அதனால் அங்கே கைகள் தாழ்ந்தே இருக்கும், அது அங்கே தவறும் இல்லை. குத்துச்சண்டையில் உதை இல்லை. முன்காலில் எடை போட்டு நிற்கலாம், உதை அனுமதிக்கும் இடத்தில் அந்தக் கால் அடி வாங்கும். ஜூடோவில் கையால் காலைப் பிடித்து வீழ்த்துவதை 2010-இல் கட்டுப்படுத்தி 2013-இல் முற்றிலும் தடுத்தார்கள். சர்வதேசப் போட்டியாளர்கள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கினார்கள். கையுறை இருப்பதால் மண்டையைத் தயங்காமல் குத்தலாம். வெறுங்கையென்றால் முறிவது குத்தியவர் விரலெலும்பாகவே இருக்கலாம். ஆகவே 'எந்தக் கலை சிறந்தது' என்று கேட்பவரிடம் 'எந்த விதிக்குள்?' என்று திருப்பிக் கேட்பதே பொறுப்பான பதில்.

பலகையும் புள்ளிகளும்

அறிவியலின் பெயரால் அதிகம் காட்டப்படுவது பலகை உடைப்பு. 30 செ.மீ. சதுரம், 2 செ.மீ. தடிமன் உள்ள பைன் பலகை இழையோட்டத்துக்கு இணையாக எளிதில் பிளக்கும், குறுக்கே எளிதில் உடையாது. பிடிப்பவர்கள் இழைக்கு இணையான இரு ஓரங்களைத் தாங்கினால் நடுவில் விழும் அடி அதை வகிர்ந்துவிடும். தொண்ணூறு பாகை திருப்பிப் பிடித்தால் அதே அடியில் கை வீங்கும். பத்துப் பலகைகளை இடையிடையே குச்சி வைத்து அடுக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக உடைகின்றன. குச்சியை எடுத்துவிட்டால் பத்தும் ஒரே சமயத்தில் வளைந்தாக வேண்டும், அது வேறு உலகம். குறி, வேகம், தயங்காமை ஆகியவற்றைப் பழக இது நல்ல பயிற்சி. எதிர்க்கும் ஆளைப் பற்றி இது எதுவும் சொல்லாது.

வர்மம், அழுத்தப் புள்ளிகள் பற்றிய கூற்றுகளை ஒட்டுமொத்தமாக ஏற்பதும் தவறு, தள்ளுவதும் தவறு. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். முகவாயில் பக்கவாட்டில் படும் அடி தலையைச் சுழற்றி நினைவிழக்கச் செய்கிறது. வலது விலா எலும்புகளுக்குக் கீழே கல்லீரலில் படும் அடி ஓரிரு நொடி கழித்து ஆளைக் குனிய வைக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தோலுக்கு அருகில் ஓடும் நரம்பில் அடித்தால் கால் மரத்துப் போகிறது. கழுத்தின் இரு பக்கத் தமனிகளையும் அழுத்தினால் சுமார் 10 நொடிகளில் மயக்கம் வருகிறது. முழங்கை மடிப்பு தொண்டைக்கு நேராக அமைந்து அழுத்தம் பக்கங்களில் விழ வேண்டும். முன்னங்கை எலும்பு மூச்சுக்குழாயில் விழுந்தால் மயக்கம் தாமதமாகும், குரல்வளை காயப்படும். பயிற்சியில் கூட்டாளி 'போதும்' என்று கையால் தட்டிய கணமே விட்டுவிட வேண்டும். இவை அனைத்துக்கும் காரணம் தெரியும், எதிர்க்கும் ஆள்மேலும் நடக்கின்றன.

மார்பில் ஓர் அடியால் இதயம் நின்றுபோவதும் உண்மையிலேயே நடப்பதுதான். இதயத் துடிப்பு ஒன்று ஓய்வில் சுமார் 0.8 நொடி நீள்கிறது. அதில் ஏறத்தாழ 0.02 நொடிச் சாளரத்தில் இதயத்துக்கு நேர்மேலே அடி விழுந்தால் துடிப்பு ஒழுங்கு குலையக்கூடும். அந்தச் சாளரத்தை வெளியிலிருந்து யாராலும் பார்த்துக் குறிவைக்க முடியாது. அது விபத்தாக மட்டுமே நிகழும்; ஆகவே அதை வித்தையாகக் கற்பிக்க முடியாது, அது நேர்ந்தால் உடனே மார்பழுத்தம் தந்து இதய அதிர்வுக் கருவியைக் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். தொடாமலே வீழ்த்துவது, பல நாள் கழித்துக் கொல்லும் தொடுகை போன்றவை சொந்த மாணவர்கள்மேல் மட்டும் பலிக்கின்றன. மாணவர்கள் நடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டோம். விழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஆண்டுக்கணக்கில் உடம்பில் ஊறிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க வெளியாள் ஒருவர் வேண்டும்.

அடவுகள் எதற்கு?

தனியாக ஆடும் அடவுகளும் கதாக்களும்தான் 'கலை' என்ற சொல்லுக்கு மிகப் பொருத்தமானவை. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், கராத்தே கதா தனிப் போட்டியாகவே நடந்தது. அங்கேகூடத் தொழில்நுட்பத்துக்கு 70 விழுக்காடும் உடல்வலிமை, வேகம், சமநிலைக்கு 30 விழுக்காடும் மதிப்பெண். ஆபத்தான அசைவுகளைத் தலைமுறை தாண்டிக் கொண்டுசெல்வது, மூச்சையும் காலடியையும் ஒழுங்குபடுத்துவது, ஒரு மரபின் அழகைக் காப்பது ஆகியவை அடவின் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. சிலம்பத்தின் காலடி வரிசையைக் கம்பில்லாமல் பழகியவருக்குக் கம்பு வந்தபின் இடுப்பு தானாகத் திரும்பும். அடவை மட்டும் பழகிவிட்டுச் சண்டைக்குத் தயார் என்று நினைப்பதுதான் பிழை.

அதே சிலம்பத்தில் கம்பின் நடுவைப் பிடித்துச் சுழற்றுவதோடு ஒப்பிட்டால் முனையைப் பிடித்துச் சுழற்ற நான்கு மடங்கு நிலைமத் திருப்புத்திறனை, அதாவது சுழற்றுவதற்குக் கம்பு காட்டும் எதிர்ப்பை, எதிர்கொள்ள வேண்டும். எட்டும் தூரம் கூடும். வீச்சு தவறினால் கம்பைத் திருப்பிக் கொண்டுவர ஆகும் நேரமும் கூடும். அந்த நேரத்தில்தான் எதிராளி உள்ளே வருவார். எப்போது நடுப்பிடி, எப்போது முனைப்பிடி என்று பிடியை நழுவவிட்டு மாற்றுவது அடவில் இருக்கிறது. எந்தக் கணத்தில் மாற்றுவது என்பது எதிரே இன்னொரு கம்பு இருந்தால்தான் தெரியும்.

வாரம் ஒரு நோட்டுப் பக்கம்

இதை நடைமுறைக்குக் கொண்டுவர விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு நுட்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி எதிர்ப்பை மூன்று படியாகக் கூட்டட்டும்: முதலில் நிற்பது மட்டும், பிறகு நகர்ந்து தப்ப முயல்வது, பிறகு முழு எதிர்ப்போடு பதிலடியும். ஒவ்வொரு படியிலும் பத்து முயற்சி. எத்தனை பலித்தது, பலிக்காதபோது காலடி குறைந்ததா, பிடி நழுவியதா, நேரம் பிந்தியதா என்று மூன்றில் ஒன்றைக் குறித்துவையுங்கள். ஏழு பலித்தால் அடுத்த படி. மூன்றுக்குக் கீழே போனால் முந்தைய படி. கூட்டாளியை வாராவாரம் மாற்றுங்கள், முடிந்தால் உங்களைவிட உயரமானவர், குட்டையானவர், கனமானவர் என்று. ஒரே ஆள்மேல் மட்டும் பலிக்கும் நுட்பம் அவருடைய பழக்கத்தைப் பற்றிய அறிவாக இருக்கலாம்.

பயிற்சியை ஒரே நுட்பமாக அடுக்காமல் இரண்டு மூன்றைக் கலந்து செய்யுங்கள். தலையில் அடிபடும் முழுவேகப் பயிற்சியை மட்டும் அரிதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு உடம்பு தேறும், மூளைக்கு அந்தச் சலுகை இல்லை. நான்கைந்து வாரத்தில் நோட்டில் ஒரு போக்கு தெரியும். 'நேரம் பிந்தியது' என்ற குறிப்பே திரும்பத் திரும்ப வந்தால் இனி வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. எதிராளியின் தோளையும் குதிகாலையும் படிக்கும் பயிற்சிக்குப் போக வேண்டும்.